ஏழாங்கட்டை

எங்கள் ஊரில் மைலுக்குக் கட்டை என்று பெயர்.
கிலோமீட்டர் வந்து எத்தனையோ வருஷமாகியும்
பஸ் நிற்பது நாலாங்கட்டையில்,
ஆ லெக் கோப்பிக்கடை ஐந்தாங்கட்டையில்,
செம்பனை ஆலை ஏழாங்கட்டை தாண்டி.

இடத்தோளுக்குக் கீழே எனக்கிருப்பதற்கும்
ஊர் வைத்த பெயர் அதுதான்.
வகைப்பாட்டு அறையில் ஒரு பெண்மணி
நாடா பிடித்துச் சொன்னாள்:
பதினொரு சென்டிமீட்டர். டி நாற்பத்தாறு.
மிச்சத்தைத்தான் அளக்கிறார்கள்,
போனதை அல்ல.

பேட்டி எடுப்பவர்கள் ஆலையில் தொடங்கச் சொல்வார்கள்.
அதைச் சொல்ல ஒரு சுற்று ஓடும் நேரம்கூட ஆகாது.
பட்டை ஓடியது. சட்டைக்கை சிக்கியது.
நிறுத்தும் பொத்தான் தூணுக்கு அந்தப்பக்கம்.

நான் தொடங்குவது பஸ்ஸில்.
சொக்சோ பாரத்தில் கையெழுத்துப் போட
டவுனுக்குப் போகவேண்டிய காலை,
கண்ணெதிரே பஸ் போய்விட்டது.
சிலிப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன்.
மூன்றாங்கட்டையில் டயர் வெடித்து நின்றிருந்தது பஸ்.
சன்னலோரத்தில் இருந்தவர்கள் கை காட்டினார்கள்.
நான் நிற்கவில்லை.

ஒரு கை வீசினால் உடம்பு திருகும்.
அந்தத் திருகலை இடுப்பு வாங்கவேண்டும்.
இதைக் கண்டுபிடிக்கவே இரண்டு வருஷம் போயிற்று.
ஓடுதளம் எப்போதும் இடப்பக்கமே வளைகிறது,
என்னிடம் இல்லாத பக்கத்துக்கு.

காலணிக் கயிற்றைப் பல்லால் முடிவேன்.
எண்துணியைத்தான் குத்திக்கொள்ள முடியாது.
நாலு முனை, நாலு ஊசி.
பாலியிலிருந்து வந்த வயானுக்கு வலக்கை இல்லை.
அவள் துணியைப் பிடிக்க நான் குத்துவேன்,
நான் பிடிக்க அவள் குத்துவாள்.
பிறகு நாலு வினாடியில் என்னை முந்திவிட்டாள்.
அவளுக்கு வெள்ளி, எனக்கு வெண்கலம்.

சந்தியில் பதாகை கட்டினார்கள்.
வாழ்த்துகிறோம், தவமலர் அங்கமுத்து.
அச்சுக்கடைக்காரன் படத்தைப் புரட்டிப் போட்டிருந்தான்.
ஒரு மாதம் முழுக்க நாலாங்கட்டையில்
எனக்கு இடக்கை இருந்தது.

அடுத்த போட்டியில் ஐயாயிரம் மீட்டரை எடுத்துவிட்டார்கள்.
மூன்று பேர் பெயர் கொடுத்தால்தான் பந்தயம்.
நாங்கள் இருவர்.
நீளம் தாண்டுகிறாயா என்று கேட்டார் அதிகாரி.
கோபமில்லாமல்தான் கேட்டார்,
கோழி இல்லை, மீன் இருக்கிறது என்பதுபோல.

அந்தப் பந்தயம் நடந்திருக்கவேண்டிய நாளில்
விடியுமுன் நாலாங்கட்டைக் கல்லருகே நின்றேன்.
அங்கிருந்து ஏழாங்கட்டைக்கு மூன்று கட்டை.
அதன்மேல் நூற்று எழுபத்திரண்டு மீட்டர் போனால்
ஐயாயிரம் முடியும் இடம்
ஆலையின் எடைமேடை.
லோரிக்கார ரொஸ்லி மீட்டரைப் பார்த்து உறுதிசெய்தான்.

பனி. கழிவுக்குளத்தின் புளிச்ச வாடை.
வெட்டுக்காரர்களின் மோட்டார்சைக்கிள்கள்
அரிவாளில் சாக்குச் சுற்றி எதிரே வந்தன.
சாலை வளையவே இல்லை.
வளையாத சாலையில் நான் எவ்வளவு வேகம் என்று
எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

எடைமேடையில் ஏறி
மணிக்கட்டுக் கடிகாரத்தை மோவாயால் அழுத்தினேன்.
இருபது நிமிடம், நாற்பத்தொரு வினாடி.
கூண்டுக்குள் சிவப்பாக ஓர் எண் எரிந்தது.
ஐம்பது.
குலை ஏற்றும் லோரிகளுக்கான மேடை,
பத்துப் பத்தாகத்தான் எண்ணும்.
பன்னிரண்டு வருஷத்துக்கு முன்
இதே இரும்பைத் தாண்டி என்னை வேனில் கொண்டுபோனார்கள்.
அன்று வெளியே போன எடையை
யாரும் குறிக்கவில்லை.

இன்று இயந்திரம் தானாகவே சீட்டு அடித்தது.
வாகனம்: இல்லை. சரக்கு: இல்லை. மொத்தம்: ஐம்பது கிலோ.
எழுத்தர் அதைக் கசக்கிக் கூடையில் போட்டுவிட்டு
கண்ணாடியைத் தட்டி விலகச் சொன்னார்.
பின்னால் மூன்று லோரி.

நல்ல தாகம்.
ஆ லெக் கடை திறந்திருக்கும்.
பசியாற, திரும்பி இரண்டு கட்டை
நடந்தேன்.